துருப்பிடித்த டீசல் டேங்குக்கு வெல்டிங் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடி, இராமேசுவரம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் மீனும் உப்பும் ஏற்றும் பிக்கப் வண்டிகளை நம்பிப் பிழைப்பவர்களில் நானும் ஒருவன். இந்த வண்டிகள் பத்து ஆண்டுகளைத் தாண்டும்போது, எஞ்சின் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கையிலேயே டீசல் டேங்கின் அடிப்பகுதி துருவேறிக் கசியத் தொடங்குவதும், உரிமையாளர் அதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பட்டறையில் கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டுப்போட்டு வாங்கி வருவதும் எங்கள் பகுதியில் வாடிக்கையாகிவிட்டன. டேங்கர் லாரிக்கு வெல்டிங் வைத்தபோது வெடித்துத் தொழிலாளி உயிரிழந்தார் என்ற செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. அதே ஆபத்து ஒரு சிறிய வண்டியின் அறுபது லிட்டர் டேங்கிலும் இருக்கிறது என்பதையும், துருப்பிடித்த டேங்கை ஒட்டாமல் மாற்றிவிடுவதே சரி என்பதையும், அப்படி மாற்றும்போது பம்பையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டேங்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் அழிகிறது? பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் அது சேஸிஸின் பக்கவாட்டில், சரக்கு ஏற்றும் பாடிக்கு நேர் கீழே, இரும்புப் பட்டைகளில் தொங்குகிறது. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் தளத்தின் இடுக்குகள் வழியாக நேராக அதன் மீதுதான் இறங்குகிறது. உப்பு கலந்த அந்தத் தண்ணீரையும் சாலைச் சேற்றையும், பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் வைத்திருக்கும் ரப்பர் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் வெளியே தெரியும் பக்கத்தில் பெயிண்ட் பளிச்சென்று இருக்கும்போதே, பட்டைக்கு அடியில் தகடு காகிதம்போல் இளைத்துவிடுகிறது. உப்பளத்து வண்டிகளின் நிலை இதைவிட மோசம்.

உள்ளேயிருந்தும் அரிப்பு நடக்கிறது. பாதி காலியான டேங்கில், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்துச் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய அடுக்கில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பழுப்பு நிறத்தில் வழவழப்பான கசடை உண்டாக்குகின்றன. அவை வெளியிடும் அமிலம் தகட்டில் சிறு சிறு குழிகளைத் தோண்டுகிறது. பல வண்டிகளில் டேங்கின் அடியில் டிரெயின் பிளக் என்ற ஒரு போல்ட்டை இந்தத் தண்ணீரை வடிப்பதற்கென்றே வைத்திருக்கிறார்கள். வண்டி வாங்கிய நாள் முதல் அதை ஒருமுறைகூடத் திறக்காதவர்களே எங்களில் மிகுதி.

இப்படி இருபுறமும் தேய்ந்த தகட்டில் ஊசிமுனை அளவு துளை விழுந்துவிட்டால், அந்த இடம் மட்டும் கெட்டுவிட்டது என்று எண்ணக் கூடாது. துளையைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் விழத் தயாராக இருக்கிறது. அதன் மீது வெல்டிங் வைத்தால் ஒட்டிய இடம் நிற்கும், அதன் ஓரத்தில் அடுத்த துளை திறக்கும். வெப்பத்தில் உதிரும் துருச் செதில்கள் டேங்குக்குள்ளேயே விழுந்து, பின்னர் பம்பை நோக்கிப் பயணம் செய்யும். எனவே பணக் கணக்குப் பார்த்தாலும் ஒட்டு லாபமில்லை.

பணத்தைவிடப் பெரியது உயிர். டீசல் பெட்ரோலைப் போன்றதன்று, அவ்வளவு எளிதில் பற்றாது என்ற நம்பிக்கை பட்டறைகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. பெட்ரோல் உறைபனிக் குளிருக்கும் கீழே, ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் விற்கும், பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து டீசலுக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை, வெறும் 35 டிகிரி செல்சியஸ்தான். ஐரோப்பிய நாடுகளில் அது 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நம்முடைய சித்திரை வெயிலில், தார்ச்சாலையின் அனலுக்கு மேலே தொங்கும் டேங்க், எஞ்சினிலிருந்து சூடாகத் திரும்பி வரும் டீசலையும் வாங்கிக்கொண்டு, இந்த 35 டிகிரியை அன்றாடம் தாண்டுகிறது. அப்படியிருக்க, வெல்டிங் தீச்சுவாலை படும் தகட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் டீசல் படலம் நொடியில் ஆவியாகிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் அதிக ஆபத்தானது. டீசல் நிறைந்திருந்தால் காற்றுக்கு உள்ளே இடமில்லை. காலியானதில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. பெட்ரோலின் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தாலே வெடிப்பதற்குப் போதும். டீசல் ஆவிக்கு அந்தக் கீழ் எல்லை இன்னும் குறைவு. டேங்கைத் தண்ணீர் விட்டு அலசிவிட்டோம், சோப்புத் தூள் போட்டுக் குலுக்கிவிட்டோம் என்பவர்கள், உள்ளே டீசல் அலையடிக்காமல் இருக்க வைத்திருக்கும் தடுப்புத் தகடுகளையும், மடித்து ஒட்டிய விளிம்புகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மடிப்புகளுக்குள் ஊறியிருக்கும் டீசல் எந்த அலசலுக்கும் வெளியே வராது, சூடு பட்டால்தான் வரும். இன்னும் சிலர், ஓடும் டீசல் வண்டியின் சைலன்சர் புகையைக் குழாய் வைத்து டேங்குக்குள் விட்டுவிட்டால் தீப்பிடிக்காது என்று நம்புகிறார்கள். சும்மா ஓடும் டீசல் எஞ்சினின் புகையில் ஆக்சிஜன் பெரும்பகுதி எரியாமல் மிஞ்சியிருக்கிறது. காற்றில் இருக்கும் 21 விழுக்காடு அதில் 17, 18 அளவுக்குத்தான் குறைகிறது. வெடிப்பைத் தடுக்க அது 11 அளவுக்கும் கீழே போக வேண்டும். ஆகையால் அந்தப் புகை எந்தப் பாதுகாப்பும் தராது, வெல்டருக்குத் தவறான தைரியத்தை மட்டுமே தருகிறது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. பெட்ரோலியப் பொருள் இருந்த எந்தக் கலத்தையும், அதிலிருந்து எரிபொருளும் எரியக்கூடிய ஆவியும் நீங்கிவிட்டன என்று உறுதி செய்துகொள்ளாமல் பழுது பார்க்கக் கூடாது என்பது 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளில் உள்ள கட்டளை. தெருவோரப் பட்டறையில் அதை உறுதி செய்ய ஒரு கருவியும் கிடையாது. வெல்டரின் மூக்குதான் அங்கே கருவி.

டேங்கை மாற்றும் வேலையையும் அவசரமாகச் செய்துவிடக் கூடாது. முதலில், இருக்கும் டீசலை முடிந்தவரை ஓட்டித் தீர்க்க வேண்டும். அறுபது லிட்டர் டீசல் ஐம்பது கிலோ எடை, அதைத் தாங்கியபடி பட்டையின் போல்ட்டைக் கழற்றுபவர் விரல்களையோ நெஞ்சையோ இழக்கக்கூடும். மீதியை மூடியுள்ள உலோகக் கேனில் வடிக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். எரிபொருளின் ஆவி காற்றைவிடக் கனமாகையால் குழியில் இறங்கித் தேங்கும். எனவே இந்த வேலையைச் சர்வீஸ் குழியின் மேல் வண்டியை நிறுத்திச் செய்யாமல் திறந்தவெளியில் செய்வதே நல்லது. துருவேறிய பட்டை போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட வேண்டும். அப்படியும் கழலாவிட்டால் ரம்பத்தால் கையால் அறுக்கலாம், தீப்பொறி பறக்கும் கிரைண்டரையோ கேஸ் கட்டரையோ அருகில் கொண்டுவரவே கூடாது. டேங்குக்கு அடியில் ஜாக்கியும் அதன் மேல் ஒரு பலகையும் வைத்துத் தாங்கிக்கொண்ட பிறகு, டீசல் போகும் குழாய், திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய், காற்றுப் போக்கியாகிய பிரீதர் குழாய், டீசல் அளவைக் காட்டும் மிதவையின் வயர் ஆகிய நான்கையும் அடையாளம் வைத்துக் கழற்ற வேண்டும். போகும் குழாயையும் ரிட்டர்னையும் மாற்றிப் பொருத்திவிட்டு, புது டேங்க் போட்டும் வண்டி இழுக்கவில்லை என்று நாள் கணக்கில் அலைவதைப் பட்டறைகளில் பார்க்கிறோம்.

புது டேங்கை வாங்கியவுடன் அப்படியே மாட்டிவிடுவதும் சரியன்று. துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே பூசிய எண்ணெயும், தயாரிப்பின்போது உதிர்ந்த உலோகத் துகளும் இருக்கும். சுத்தமான டீசல் விட்டு அலசி வடித்துவிட வேண்டும். டீசலை இழுக்கும் குழாயின் அடியில் உள்ள சல்லடை கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பட்டையும் அதன் ரப்பரும் புதிதாக இருக்க வேண்டும். பழைய பட்டையில் புது டேங்கைத் தொங்கவிடுவது, ஓடும் வண்டியிலிருந்து அது சாலையில் விழுவதற்கு வழி செய்வதாகும். ஹோஸ் விஷயத்தில் ஒரு சொல்: தண்ணீர்க் குழாய்க்கும் டீசல் ஹோஸுக்கும் விலையில் உள்ள சிறிய வித்தியாசத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். தண்ணீர்க் குழாய் டீசலில் ஊறி, உள்பக்கம் வீங்கி, சில மாதங்களில் உரிந்து வரும்.

இனி பம்ப். வண்டி மேட்டில் இழுக்கவில்லை, இடையில் அணைந்துவிடுகிறது என்றவுடன் பம்ப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் பிரீதர் அடைத்திருக்கிறது என்று பொருள். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. அதன்பின் ஃபில்டரையும், அதன் அடியில் தேங்கிய தண்ணீரையும் பார்க்க வேண்டும். குழாய் இணைப்புகளில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால்தான் பம்பின் மேல் கை வைக்க வேண்டும்.

பழைய வண்டிகளில் உள்ள ரோட்டரி வகை டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு எஞ்சின் ஆயில் போவதில்லை, டீசலே அவற்றுக்கு மசகு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் பிஎஸ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டிருக்கிறது; அதற்கு முந்தைய பிஎஸ் 4 டீசலில் 50 பங்கு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான மசகுத்தன்மையும் குறைவதால், அதை ஈடுகட்டும் பொருளைச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்க்கிறார்கள். காற்றுக்கு இது நல்ல மாற்றம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் துருவும் தண்ணீரும் நிறைந்த டேங்கிலிருந்து அந்த டீசல் வரும்போது பம்புக்குக் கிடைப்பது மசகு அன்று, அரத்தூள். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் எஞ்சினுக்குள் பீய்ச்சும் சிஆர்டிஐ வகை வண்டிகளில் நிலைமை இன்னும் கடுமை. அவற்றின் உயர் அழுத்தப் பம்ப் 1,600 பார் அளவுக்கு அழுத்தம் உண்டாக்குகிறது. அதன் உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையேயான இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துருத்துகள் அங்கே கீறல் போட்டால், பம்போடு சேர்ந்து டீசலைப் பீய்ச்சும் நாசில்களும் போகும், பழுது பல பத்தாயிரம் ரூபாயில் போய் முடியும். டேங்கை மாற்றாமல் பம்பை மட்டும் மாற்றியவர்கள் அதே பம்பை மறுபடியும் மாற்ற நேர்வது இதனால்தான்.

பம்பைக் கழற்றும்போது எஞ்சினின் சுழற்சியோடு பம்பைப் பொருத்திய டைமிங் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றக் கூடாது என்பதை எந்த நல்ல மெக்கானிக்கும் அறிவார். மாட்டிய பிறகு குழாய்களில் புகுந்த காற்றை எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அமுக்கி, ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை விட வேண்டும். பழைய வகைப் பம்புகளில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தை சிஆர்டிஐ வண்டிக்குக் கொண்டுவரவே கூடாது என்று இளம் மெக்கானிக்குகளை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்துக்கொண்டு சதைக்குள் இறங்கும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் குறைவாக இருக்கும்; சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அப்படி ஒருவருக்கு நேர்ந்தால் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் போடாமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோய், டீசல் அழுத்தத்தில் உள்ளே ஏறியது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெட்ரோலில் ஓடும் சிறிய சரக்கு வண்டிகளும் இப்போது நிறைய வந்துவிட்டன. குட்டி யானை என்று நாம் அழைக்கும் வண்டியிலேயே பெட்ரோல் வகை இருக்கிறது. இவற்றில் மின்சாரப் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. பெட்ரோல்தான் அதன் மோட்டாரைக் குளிரச் செய்கிறது. எப்போதும் நூறு ரூபாய்க்கு, இருநூறு ரூபாய்க்குப் போட்டு முள்ளை அடியிலேயே வைத்து ஓட்டினால் பம்ப் சூடேறிக் கெடும். எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக எல்லா பங்க்குகளுக்கும் வந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கென்று தயாரிக்கப்படாத ரப்பரை வீங்கச் செய்யும். எனவே 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் வண்டிக்கு டேங்க், பம்ப் வேலை செய்பவர்கள், ஹோஸும் கேஸ்கெட்டும் இந்தப் பெட்ரோலைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் டேங்குக்கு வெல்டிங் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று என் சக ஓட்டுநர்கள் கேட்பார்கள், அந்தக் கேள்வி நியாயமானது. புது பிக்கப் வாங்க எட்டு முதல் பத்து லட்சம் ரூபாய் வேண்டும் என்பதால்தான் பழைய வண்டியோடு போராடுகிறோம். ஆனால் புது டேங்கின் விலை சில ஆயிரங்களில் அடங்குகிறது. இரண்டு முறை ஒட்டுப்போட்டு, அந்த நாட்களின் வாடகையையும் இழந்தால் அந்தப் பணம் போய்விடும். வழியில் ஒழுகத் தொடங்கினால், வீடு வந்து சேர்வதற்குச் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்தோ, எம்-சீல் வைத்தோ அடைப்பதில் தவறில்லை, சோப்பு டீசலில் கரையாது. அது வந்து சேர்வதற்கான வழி மட்டுமே. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் உடைத்த வண்டியின் டேங்க் மலிவாகக் கிடைக்கும். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, பட்டை உட்காரும் இடத்தைச் சுரண்டிப் பார்த்து, துரு இல்லையென்றால் வாங்கலாம்.

அரசிடம் நான் கேட்பது பெரிதன்று. எட்டு ஆண்டுகளைத் தாண்டிய சரக்கு வண்டி ஒவ்வோர் ஆண்டும் எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கு வருகிறது. அப்போது பிரேக்கையும் விளக்கையும் பார்க்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், கீழே குனிந்து டேங்கின் பட்டைகளையும் ஒட்டுப்போட்ட அடையாளத்தையும் பார்த்து, ஒட்டு இருந்தால் மாற்றிவிட்டு வரச் சொல்ல வேண்டும். மீன்பிடித் துறைமுகங்களில், காசிமேடு முதல் சின்னமுட்டம் வரை, மீன் இறக்கிய வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவ ஒரு மேடை அமைத்துக் கொடுத்தால், கட்டணம் வாங்கினாலும் நாங்கள் கொடுப்போம்; டேங்க் மட்டுமன்றி சேஸிஸும் பிரேக் குழாய்களும் பிழைக்கும். அரசு ஐடிஐ-களில் மோட்டார் மெக்கானிக் பிரிவிலும் வெல்டர் பிரிவிலும் படிக்கும் பிள்ளைகள் எரிபொருள் டேங்கைப் பற்றி ஒரே பாடத்தைச் சேர்ந்து படிக்க வேண்டும். இன்று மெக்கானிக் கழற்றித் தருகிறார், வெல்டர் ஒட்டித் தருகிறார், உள்ளே என்ன இருந்தது என்பதை ஒருவர் மற்றவரிடம் கேட்பதில்லை. வண்டி தயாரிப்பாளர்களும், கடலோர மாவட்டங்களில் விற்கும் பிக்கப்புகளுக்கு டேங்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் மறைப்பைச் சேர்த்துக் கொடுத்தால், இந்தச் சிக்கலில் பாதி பிறக்காது.

கழற்றிய பழைய டேங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எடைக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது, அங்கே ஒருவர் கேஸ் கட்டரைக் கொளுத்தி அதைத் துண்டு போடுகிறார். நம் வண்டியிலிருந்து நீக்கிய ஆபத்தை, அந்த டேங்கில் என்ன இருந்தது என்று அறியாத ஒரு கூலித் தொழிலாளியிடம் நாம் ஒப்படைத்துவிடக் கூடாது. மூடியையும் மிதவையையும் கழற்றிவிட்டு, டேங்கை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி வடித்து, சில நாள் திறந்தே காயவிட்டு, அதன் மேல் ‘டீசல் டேங்க், தீ வைக்காதே’ என்று பெயிண்டில் பெரிதாக எழுதிய பிறகே கொடுக்க வேண்டும். இரும்புக் கடைக்காரர்களும் அப்படிப்பட்ட டேங்கைக் கட்டரால் வெட்டாமல், முழுதாகவே அழுத்தி நசுக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாக அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் ஏற்றும் பிக்கப் வண்டி உரிமையாளர்,
தூத்துக்குடி.